குதிகால் படாத மனிதன்

அத்தியாயம் 9

ஒரு கொலைகாரனின் வாக்குமூலத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

முதல் வரியில் எழுத்துகள் எள் அளவுக்கு இருந்தன. போகப் போக இளைத்து, கடைசி வரியில் எறும்புக் கால் அளவுக்கு வந்துவிட்டன. 'ஹுங் அண்ணனைத் தள்ளிக் கொன்றது நான்தான்' என்ற வாக்கியம் அந்த எறும்புக் கூட்டத்துக்குள் எங்கோ இருந்தது. லியாவ் அக்கா கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி அதைக் கண்டுபிடித்தார்.

"இது இவரு கையெழுத்தே இல்லக்கா," என்றாள் சூச்சின். வாக்குமூலம் எழுதியவனின் மனைவி. எங்களைக் கூப்பிட்டு அனுப்பியதும் அவள்தான். "இவரு எழுத்து ஒவ்வொண்ணும் பட்டாணி மாதிரி இருக்கும். இது செத்துப்போன ஹுங் அண்ணன் எழுத்து. அவருதான் கடைசியில இப்படிப் பொடிப்பொடியா எழுதிட்டிருந்தாரு."

"பேயா இருந்தாலும் பேப்பரை மிச்சம் பண்ணுது பாருங்க," என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். நாற்காலியில் இருந்த சூச்சினின் கணவன் மட்டும் சிரித்தான். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. முகத்தில் ஒரு தசையும் அசையாமல் வாய் மட்டும் திறந்துகொண்டு, வயிற்றிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று, நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சூச்சின் ஓடிப்போய் அவன் தோளை அழுத்திப் பிடித்தாள். ஊரைச் சிரிக்க வைப்பதையே பழக்கமாக வைத்திருக்கும் நான், ஒருவன் சிரித்ததைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

அவன் பெயர் ஸாய் யுங்சிங். நாற்பத்து நான்கு வயது. எங்கள் சீஜின் தீவின் தென்கோடியில் இருக்கும் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டர். இரண்டு மாதத்துக்கு முன் அந்த யார்டின் மேஸ்திரி ஹுங், கப்பல் நிற்கும் டாக் பள்ளத்துக்குள் விழுந்து செத்தார். போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. ஊர் மூடவில்லை. ஏனென்றால் ஹுங் போன கையோடு யுங்சிங்குக்கு நடை மாறிவிட்டது.

"எழுந்து நடந்து காட்டுப்பா," என்றார் லியாவ் அக்கா.

அவன் எழுந்தான். முதுகு விறைப்பாக, முழங்கைகள் மடங்கி, கால்விரல்களை மட்டும் ஊன்றிச் சேவல் போல நடந்தான். குதிகால் தரையைத் தொடவே இல்லை. பேய் ஒருவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால், தன் பாதத்தை அவன் குதிகாலுக்கு அடியில் நுழைத்துக்கொள்ளும், அதனால்தான் அவன் குதிகால் மண்ணில் படாது என்று எங்கள் ஊரில் பால் மறக்காத குழந்தைக்கும் தெரியும். அதிலும் அன்றைக்கு எங்கள் நாட்காட்டியில் பேய் மாதமான ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாள். பேயுலகக் கதவு திறந்து வெளியே வந்த பேய்களுக்கெல்லாம் வாசலில் மேசை போட்டு விருந்து வைக்கும் நாள்.

"சாமியாடி என்ன சொன்னாரு?"

"ஹுங் அண்ணன்தான் இவரு மேல நிக்கிறாராம். தள்ளினதை இன்னிக்கு விருந்து முடியறதுக்குள்ள போலீஸ்ல ஒத்துக்கணுமாம். இல்லேன்னா எங்க பொண்ணைப் பிடிப்பாராம். யார்டுல விருந்து முடிஞ்சதும் ரெண்டு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேங்கறாரு." சூச்சின் குரல் உடைந்தது. "இவரு ஒரு கரப்பானைக் கூட அடிக்க மாட்டாருக்கா. ஜெயிலுக்குப் போனா திரும்பி வரவே மாட்டாரு."

அக்கா யுங்சிங் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லியாவ் பெய்யுன் என்ற இந்த அம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தைந்து வருடம் தொழிலாளர் இன்ஷூரன்ஸில் வேலை பார்த்து, கை போனவன், கால் போனவன், போகாமலே போனதாகச் சொன்னவன் எல்லோரையும் விசாரித்தவர். ரிடையர் ஆன பிறகு சொந்தமாகத் துப்பறிகிறார். நான் ஆபின். அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதும், பேசக்கூடாத இடத்தில் பேசுவதும் என் வேலை.

"நீ தள்ளினியா?"

"தெரியல." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பெட்டிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"பின்ன ஏன் எழுதின?"

"அவரு விழுந்தாரு. நான் சிரிச்சேன். நிறுத்த முடியல." பிறகு அவனே கேட்டான்: "தள்ளாதவன் எதுக்குச் சிரிப்பான்?"

அப்போதுதான் எனக்குத் தீய்ந்த வாடை அடித்தது. சமையலறைக்குள் பாய்ந்தேன். விருந்துக்கு வைத்த பன்றிக் காலும் சோயா குழம்பும் அடிபிடித்துப் புகைந்துகொண்டிருந்தன. யுங்சிங் உட்கார்ந்திருந்த நாற்காலி அடுப்புக்கு நாலடி தூரம்கூட இல்லை.

"உனக்குத் தெரியலையாப்பா?" என்றார் அக்கா.

"அவருக்கு மூக்கு செத்துப் போச்சுக்கா," என்றாள் சூச்சின். "பேய்க்கு வாசனைதானே சாப்பாடு. இவரு பங்கு வாசனையை ஹுங் அண்ணன் சாப்பிடறாராம். சாமியாடி சொன்னாரு."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷமாவே இப்படித்தான்."

"ஹுங் செத்து ரெண்டு மாசம்." அக்கா பூதக்கண்ணாடியை மடித்துப் பைக்குள் போட்டார். "அப்ப பத்து மாசம், உயிரோட இருக்கும்போதே வந்து சாப்பிட்டுப் போயிருக்காரா? ஆபின், வண்டியை எடு. செத்தவர் எப்ப பேயானாருன்னு பார்த்துட்டு வரலாம்."

யார்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. டாக்கின் ஓரமாக நீள மேசைகள் போட்டு, முழுக் கோழி, நூடுல்ஸ், பீர், அன்னாசி என்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பேய்கள் முகம் கழுவ ஒரு பேசின், துவாலை, சீப்பு. எல்லாம் வழக்கம்தான். ஆனால் ஒரு மேசையின் ஓரத்தில் புதுப் பல்துலக்கி ஒன்றை ஹுங்குக்கென்று தனியாக வைத்திருந்தார்கள்.

கிரேன் ஓட்டும் போச்சுங், பாக்குக் கடை நிழலில் இருந்தான். ஹுங் விழுந்த அன்றைக்கு மேலே கிரேன் கூண்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் அவன் ஒருவன்தான். யுங்சிங் சிரித்ததை ஊர் முழுக்கச் சொன்னவனும் அவன்தான்.

"என் கண்ணால பார்த்தேங்க. அண்ணன் விழறாரு, இவன் சிரிக்கிறான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"யாரு எங்க நின்னாங்கன்னு காட்டு," என்றார் அக்கா.

போச்சுங் பையிலிருந்து இரண்டு பாக்கை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். "இது ஹுங் அண்ணன். இது யுங்சிங். நான் மேலேர்ந்து இரும்புத் தகட்டைத் தூக்கிட்டு வர்றேன். அண்ணன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டிக்கிட்டே பின்னாடி நடக்கிறாரு. இவன் தகட்டோட வால்ல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றான்."

"தகடு எங்க?"

அவன் சிகரெட் பெட்டியை எடுத்து இரண்டு பாக்குக்கும் நடுவில் வைத்தான்.

"எவ்வளவு நீளம்?"

"மூணு மீட்டர்."

"யுங்சிங் கை எவ்வளவு நீளம்?"

போச்சுங் வாயில் மென்றுகொண்டிருந்த பாக்கு அப்படியே நின்றது. பெஞ்சையே பார்த்தான். சிகரெட் பெட்டியை எடுத்து மறுபடி வைத்தான். எப்படி வைத்தாலும் அது நடுவில்தான் இருந்தது.

"இதை ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாரும் சிரிப்பைப் பத்தித்தாங்க கேட்டாங்க." அவன் முகம் வெளுத்துவிட்டது. "தகட்டைப் பத்தி ஒருத்தரும் கேட்கல."

"ஹுங் எப்படி விழுந்தாரு?"

"அதுதாங்க விசித்திரம். மெதுவா பின்னாடி வந்தவரு, திடீர்னு குட்டிக் குட்டி அடியா ஓட ஆரம்பிச்சாரு. பின்னாலேர்ந்து யாரோ சட்டையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி. கையைக்கூட வீசல. அப்படியே மல்லாக்கப் போயிட்டாரு."

கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டே இருபது வருடம் பின்னால் நடந்து பிழைத்த மனிதர். யார் இழுத்தார்கள் அவரை?

அக்காவுக்கு ஹுங்கின் லாக்கர் வேண்டியிருந்தது. அது தொழிலாளர்கள் உடை மாற்றும் அறையின் கடைசியில் இருந்தது. கதவின் மேல் மஞ்சள் மந்திரக் காகிதம் ஒட்டி, அதன் மேல் இன்னொன்று ஒட்டி, சந்தேகத்துக்கு மூன்றாவதும் ஒட்டியிருந்தார்கள். இரண்டு மாதமாக யாரும் அந்தப் பக்கமே போகவில்லை.

"திற," என்றார் அக்கா.

"அக்கா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"திறந்தாலும் ஆகாது. திற."

உள்ளிருந்து எண்ணெயும் வியர்வையும் கலந்த காற்று வந்தது. ஒரு சட்டை, ஒரு டீ குவளை, வேலைச் சீட்டுக் கட்டு ஒன்று, ஒரு ஜோடி பூட்ஸ். நான் பூட்ஸை இரண்டு விரலால் தூக்கி நீட்டினேன். அக்கா அதைத் தலைகீழாகத் திருப்பினார்.

முன்பக்கம் விரல் ஊன்றும் இடத்தில் ரப்பர் தேய்ந்து துணி தெரிந்தது. குதிகால் பக்கம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே வரிவரியாகப் புதிதாக இருந்தது.

வெளியே யாரோ ஒலிபெருக்கியில் பேய்களை விருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இவரு சாகறதுக்கு முன்னாடியே பேய் மாதிரிதான் நடந்திருக்காரு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்தச் சீட்டுகளை எடு."

ஒவ்வொரு நாளும் எந்தத் தகட்டை எங்கே வைக்க வேண்டும் என்று ஹுங் எழுதிக் கொடுத்த சீட்டுகள். மேலே இருந்தவை எறும்புக் கால். அடியில் போகப் போக எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டு வருடத்துக்கு முந்தைய சீட்டில் ஒவ்வொரு எழுத்தும் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. பொடிப்பொடியான அந்தக் கையெழுத்து ஹுங்குடையதே இல்லை. அதுவும் அவருக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

"ஹுங் யுங்சிங் மேல ஏறல," என்றார் அக்கா மெதுவாக. "வேற எதுவோ ரெண்டு பேர் மேலயும் ஏறியிருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து எங்க வேலை செஞ்சாங்க, கேளு."

கேட்டேன். எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள். கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. மேல்தளத்திலிருந்து ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துளை. கடினமான இரும்புக்கென்று மாங்கனீசு என்ற உலோகம் கலந்த வெல்டிங் ராடு. அதை உருக்கி ஒட்டும் வேலை இவர்கள் இருவருக்கு மட்டும்தான் நன்றாக வரும் என்று நாள் முழுக்க உள்ளேயே விட்டிருந்தார்கள்.

டாக் ஓரத்தில் அந்தத் தொட்டிக்குள் குழாய் விட்டுப் புகையை உறிஞ்சும் பெரிய ஃபேன் ஒன்று இருந்தது. யார்டில் எல்லா இயந்திரத்தின் மேலும் இருப்பது போல அதன் சுவிட்சுப் பெட்டி மேலும் பச்சை நொறுக்குத் தீனிப் பொட்டலம் இருந்தது. இயந்திரம் சொன்ன பேச்சு கேட்டு ஓட வேண்டும் என்று வைப்பது. பச்சைதான் வைக்க வேண்டும், தேதி முடிவதற்குள் மாற்றிவிட வேண்டும். பழசானால் இயந்திரம் கோபித்துக்கொள்ளும்.

அக்கா அதை எடுத்துத் திருப்பினார். "ஆபின், தேதியைப் படி."

படித்தேன். "அக்கா, இது கெட்டுப்போய் ஒன்றரை வருஷம் ஆச்சு."

"கிரேன் மேல?"

போச்சுங்கிடம் கத்திக் கேட்டேன். போன மாதம் மாற்றியதாம். லேத்தில் புதுசு. கம்ப்ரஸரில் புதுசு. அலுவலகக் காப்பி இயந்திரத்தின் மேல்கூடப் புதுசுதான்.

"இதை மட்டும் ஏன் மாத்தல? ஓடாத மெஷினுக்கு எவன் தீனி வாங்கி வைப்பான்?" அக்கா ஃபேனின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். பத்தடி தூரத்தில், நேர் எதிரே, யார்டின் காவல் தெய்வமான நிலத்துச் சாமியின் சின்னக் கோயில் இருந்தது. சாமியின் ஒரு கன்னம் மட்டும் புதுப் பெயின்ட்டில் பளபளத்தது.

யார்டு முதலாளி வெய், பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்து ஊற்ற நின்றுகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. இப்படிப்பட்ட காரியங்களைக் கெட்ட மனிதர்கள் மட்டும் செய்வதில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"சாமி மூஞ்சியில கரி அடிச்சா நான் என்னம்மா பண்றது?" என்றார். "பாதி முகம் கறுத்துப் போச்சு. மன்னிப்புக் கேட்டு, பெயின்ட் அடிச்சு, ஃபேனை நிறுத்திட்டேன். கோயிலை நகர்த்தலாமான்னு சாமிகிட்டயே பிறைக்கட்டை உருட்டி உத்தரவு கேட்டேன். மூணு தடவையும் வேண்டாம்னுட்டாரு."

"ஃபேன் வாயை அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாமே?"

"அந்தப் பக்கம் என் ஆபீஸ் ஜன்னல்."

"ஓகோ," என்றேன். "இந்தப் பக்கம் சாமி, அந்தப் பக்கம் முதலாளி. மிச்சம் இருந்தது அந்த ரெண்டு பேர் மூக்குதான்."

அக்கா என்னைத் தடுக்கவில்லை. தள்ளிப் போய் ஃபோனில் பழைய டாக்டர் சிநேகிதர் ஒருவரிடம் பேசினார். 'இருக்கலாம்' என்ற சொல்லை அந்த டாக்டர் ஏழு தடவை சொன்னதாகப் பிறகு அக்கா என்னிடம் சொன்னார். ஏழில் ஒன்றைக்கூட அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையாம்.

பன்னிரண்டரைக்கு யுங்சிங் வந்தான். புதுச் சட்டை. பையில் வாக்குமூலம். சூச்சின் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குதிகால் படாமல் அவன் மேசைகளுக்கு நடுவே வர வர, ஆட்கள் இருபுறமும் விலகினார்கள். ஒரு பெண் தன் முகத்தைத் துவாலையால் மூடிக்கொண்டாள். அவன் ஹுங்கின் பல்துலக்கிக்கு முன்னால் நின்று கும்பிட்டான்.

"யுங்சிங்," என்றார் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி. "ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்காக ஒண்ணு செய். என்னைப் பார்த்துக்கிட்டே பின்னாடி அஞ்சு அடி வை." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆபின், அவனுக்குப் பின்னாடி போய் நில்லு. வாயை மூடிக்கிட்டுக் கையைத் திற."

முதல் அடி சரியாக வைத்தான். இரண்டாவது அடி சின்னது. மூன்றாவது அதைவிடச் சின்னது. அப்புறம் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போலக் குட்டிக் குட்டி அடியாகப் பின்னால் ஓடி வந்தான். கை இரண்டும் அசையவில்லை. நிற்கும் அலமாரி சாய்வது போல அப்படியே என் மேல் சாய்ந்தான். பிடிக்கத் தெரியாமல் பிடித்து இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

"அப்படித்தான்!" போச்சுங் அலறினான். "ஹுங் அண்ணன் அப்படியேதான் போனாரு! அப்படியேதான்!"

அக்கா குனிந்து யுங்சிங்கின் பையிலிருந்து வாக்குமூலத்தை எடுத்தார். "யாரும் யாரையும் தள்ளல. உனக்கும் அவருக்கும் நடுவுல மூணு மீட்டர் இரும்பு இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் அந்தத் தொட்டிக்குள்ள ஒன்றரை வருஷம் அந்த ராடோட உலோகத்தை மூச்சுல இழுத்திருக்கீங்க. புகையில இருக்கிற துகள் கண்ணுக்கே தெரியாத பொடி. ரத்தத்தோட போகுது. மூக்கு வழியாவும் போகலாம், மூக்கு நரம்பு நேரா மூளைக்குள்ள போற வழி, அங்க காவல்காரன் கிடையாது. வாசனை போனது, எழுத்து சுருங்கினது, குதிகால் தூக்கினது, பின்னாடி நடக்க வராம போனது, காரணமே இல்லாம சிரிப்பு வர்றது, எல்லாத்துக்கும் அது காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில பரிசோதனை. நீ சிரிச்சது நீ சிரிச்ச சிரிப்பே இல்ல யுங்சிங்."

வாக்குமூலத்தை நாலாகக் கிழித்து, பேய்களுக்குக் காகிதப் பணம் எரிக்கும் தொட்டியில் போட்டார். அது எல்லாக் காகிதத்தையும் போலத்தான் எரிந்தது.

யுங்சிங்கின் முகம் அசையவில்லை. அந்த முகத்தால் இனி அசைய முடியாது. ஆனால் கண்கள் நிறைந்து வழிந்தன. சூச்சின் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேயா இருந்தா சோறு போட்டு அனுப்பிரலாம்க்கா," என்றாள். "மாசக் கடைசியில பேயுலகக் கதவைச் சாத்தும்போது போயிரும். இது எப்பப் போகும்?"

லியாவ் அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் எத்தனை பேர் முன்னால் இப்படிக் கண்ணாடி துடைத்திருக்கிறாரோ எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விருந்து முடிந்தது. பேய்கள் தின்ற மிச்சத்தை ஆட்கள் உட்கார்ந்து தின்றார்கள். எங்களுக்குப் பக்கத்தில், யுங்சிங் வேலைக்கு வராமல் நின்ற பிறகு அவன் இடத்துக்குப் புதிதாக எடுக்கப்பட்டிருந்த வியட்நாம் வெல்டர் ஹாவ் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா ஊரிலிருந்து அனுப்பிய மீன்சாறு பாட்டிலைத் திறந்து சோற்றில் ஊற்றினான். வாடை என் கண்ணைக் கரித்தது. அவன் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். குலுக்கிவிட்டு மறுபடி முகர்ந்தான்.

"அம்மா ஏமாந்துட்டாங்க போல," என்று சிரித்தான். "இந்தத் தடவை வாங்கினதுல வாசனையே இல்ல."

யுங்சிங் அவனைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

ஒரு மணிச் சங்கு ஊதியது. ஹாவும் இன்னொரு வெல்டரும் முகமூடியை மாட்டிக்கொண்டு தொட்டியை நோக்கிப் போனார்கள். அவர்களுக்கு முன்னால் யுங்சிங் போய்ச் சேர்ந்திருந்தான். மனைவியின் கையை உதறிவிட்டுக் கப்பலின் மேலேறி, அந்த ஒற்றை ஆள் நுழையும் துளையின் மேல் உட்கார்ந்துகொண்டான். இரண்டு காலும் உள்ளே தொங்கின.

"யாரும் இறங்கக்கூடாது," என்றான்.

"டேய், அவனைத் தூக்குங்கடா!" வெய் முதலாளி கத்தினார்.

ஒருவரும் நகரவில்லை. அக்கா சொன்னதையெல்லாம் கேட்டிருந்தார்கள், தலையையும் ஆட்டியிருந்தார்கள். இருந்தாலும் பதினைந்தாம் நாள் உச்சிப் பொழுதில் குதிகால் படாத ஒருவனைத் தொடுவதற்கு அங்கே யாருக்கும் கை வரவில்லை. முதலாளிக்கும் வரவில்லை. கையில் பத்தியோடு கப்பலுக்குக் கீழே வந்து நின்றார். யுங்சிங்கின் கல் முகத்தை நிமிர்ந்து பார்த்து, என்னை உறைய வைத்த ஒரு காரியம் செய்தார்.

"ஹுங்," என்று கூப்பிட்டார். "ஹுங் தம்பி, உனக்கு என்ன வேணும்?"

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அக்கா அவன் மேலிருந்து அந்தப் பேயை இறக்கி விட்டிருந்தார். 'நான் ஹுங் இல்லை' என்று யுங்சிங் சொன்னால் போதும், முதலாளியின் பயம் போய்விடும். யுங்சிங் அக்காவைப் பார்த்தான். சரி என்பது போல அக்கா மிக லேசாகத் தலையை ஆட்டினார்.

"ஃபேனைப் போடு," என்றான். ஏற்றமும் இறக்கமும் இல்லாத, பெட்டிக்குள்ளிருந்து வரும் குரல்.

"ஐயோ, ஹுங் அண்ணன் குரல்!" என்று போச்சுங் உட்கார்ந்துவிட்டான்.

வெய் முதலாளி ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று நான் நினைக்கவில்லை. சுவிட்சைப் போட்டார். ஒன்றரை வருடம் சும்மா கிடந்த ஃபேன் இருமி, தடுமாறி, பிறகு ஊளையிட்டுச் சுழன்றது. தொட்டிக்குள் அடைந்து கிடந்த கரியெல்லாம் ஒரே மூச்சில் வெளியேறி, நேராகப் போய் நிலத்துச் சாமியின் புதுக் கன்னத்தில் அப்பியது.

மேலே யுங்சிங் சிரிக்க ஆரம்பித்தான். முகம் அசையாமல், வயிறு குலுங்கக் குலுங்க. சிரிப்பை இந்தத் தடவை நோய் கொண்டுவந்ததா, அவனே கொண்டுவந்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தடவை நானும் கூடச் சிரித்தேன். கன்னத்தில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, நிஜமாவே அது ஹுங் குரல்தானா?"

"அந்த நோய் வந்தா எல்லார் குரலும் அந்தக் குரல்தாண்டா," என்றார் முதுகுக்குப் பின்னாலிருந்து. "ஃபேன் ஓடலேன்னா இன்னும் ஒரு வருஷத்துல ஹாவும் அதே குரல்ல பேசுவான். திங்கட்கிழமை அவனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

நான் வண்டியைத் திருப்பினேன். முதல் கடையில் நிறுத்தி ஒரு பச்சைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு மறுபடி யார்டுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் சுவிட்சுப் பெட்டி மேல் வைத்தேன். தேதியை இரண்டு தடவை பார்த்துத்தான் வாங்கினேன்.